தெரியாது பை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
காளான் தேடக் கிளம்பிய எங்கள் வேன்
பதினெட்டு நிமிடம்
நெல்மூட்டை ஏற்றிய ரயிலைப் பார்த்து நின்றது.
அந்த நேரத்தில்தான் ஃபர்ஹானா
ஆளுக்கு இரண்டு காகிதப் பை கொடுத்தாள்.
ஒன்றில் 'தெரியும்'. மற்றதில் 'தெரியாது'.
ஸ்கெட்ச் பேனா எழுத்து, கொஞ்சம் சரிந்து.

"பிளாஸ்டிக்ல போட்டா வேர்த்து அழுகிடும்.
சந்தேகம் வந்தா யோசிக்கவே வேணாம்,
தெரியாது பைக்குப் போயிடணும்."

இருவராகப் பதிந்தால் இருநூறு ரூபாய் குறைவு.
நானும் மதியழகனும் பணம் கட்டியது ஆடியில்.
இது ஐப்பசி.
என் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல்
நாலு பையையும் என்னிடமே தந்தாள்.

வெண்ணாற்றங்கரை. மூங்கில் குத்து.
முந்தாநாள் பெய்த மழை இன்னும் இலைகளில் சொட்டுகிறது.
வேளாங்கண்ணியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜெயசீலி
"இடி விழுந்த எடத்துலதான மொளைக்கும்?" என்கிறாள்.
"இடிக்கு என்னங்க தெரியும்,
கரையானக் கேளுங்க" என்கிறாள் ஃபர்ஹானா.

பள்ளிக்கூட மைதானத்தின் பின்புறம், புல்லில்,
ஆப்பம் ஆப்பமாக வெள்ளைக் குடைகள்.
ஓடினோம், ஒன்பது பேரும்,
கட்டிக்காத்த வயதையெல்லாம் விட்டுவிட்டு.
கேமராக்காரர் பாலகுரு மண்டியிட்டார்.
எங்கிருந்தோ வந்த ஒரு நாய் மோந்து பார்த்து,
தன் பெயரில் இருக்கும் குடை தனக்கு வேண்டாமென்று போனது.
"தெரியாது பை," என்றாள் ஃபர்ஹானா, எங்களைப் பார்க்காமலே.

பதினொரு மணிக்கு ஒரு பை உப்பியிருந்தது.
மற்றது
மடிப்புக்கூடக் கலையவில்லை.

பிறகு அந்தப் புற்று.
மஞ்சள் அப்பி, முட்டையோடு சிதறி,
பால் வழிந்து காய்ந்த தடம்.
அதன் இடுப்பில் ஏழு மொட்டுகள்,
உச்சி கூர்ந்து, இப்போதுதான் மண்ணை முட்டித் திறந்து.
ஜெயசீலி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.
யாரோ, "இதுவாவது தெரியுமா?" என்றார்கள்.
"நல்லாவே தெரியும்," என்றாள் ஃபர்ஹானா,
"ஆனா இதுக்கு என்கிட்ட பை இல்ல."

சாலைக்கு வந்தால்
காத்தாயி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள்.
தாமரை இலையில் பிடி பிடியாக அதே காளான்.
நாங்கள் தேடிய காட்டை
விடிகாலை நாலுக்கே டார்ச் அடித்து முடித்துவிட்டாளாம்.
இலை முந்நூறு.
ஃபர்ஹானா ஒன்றைக் கத்தியால் நெடுக்கப் பிளந்தாள்,
மோந்தாள். "எங்க எடுத்தீங்க?"
"அத சொல்லுவமா?"
"நம்பிச் சாப்பிடலாமா?" இது ஜெயசீலி.
"நேத்தி தின்னுட்டு இன்னிக்கு ஒக்காந்திருக்கேன்ல,
வேற என்ன சர்ட்டிபிகேட்டு வேணும்?"
பேரம் பேசாமல் ஆளுக்கொரு இலை வாங்கினோம்.
ஃபர்ஹானா இரண்டு.

ராத்திரி.
சின்ன வெங்காயம், மிளகு, கடைசியில் உப்பு.
கறிபோல இல்லை. வேறெதுபோலவும் இல்லை.
சட்டியிலிருந்தே தின்றேன், நின்றபடி.

அதன்பின் அவள் சொன்ன அடுத்த வேலை.
மைதானத்துக் குடை ஒன்றின் காம்பை அறுத்து,
பதிவு ரசீதின் வெள்ளை முதுகில் கவிழ்த்து,
மேலே ஒரு கிண்ணம்.
"காலையில பாருங்க. வெள்ளையா இருந்தாலும்
சாப்பிடலாம்னு அர்த்தமில்ல.
பச்சையா இருந்தா
வாந்தி நிக்காதுன்னு அர்த்தம்."

இரண்டு மணிக்கு எழுந்தேன். திறக்கவில்லை.
நாலரைக்கும்.

ஆறுக்குக் கிண்ணத்தைத் தூக்கினால்
தாளில் ஒரு சக்கரம்:
மயிரிழை மயிரிழையாக ஆரங்கள்,
பாசியில் பால் கலந்த பச்சை.
இத்தனை நேர்த்தியாக என் வீட்டில்
யாரும் எதையும் சொன்னதில்லை.

மதியழகனின் 'தெரியும்' பையில்
வெங்காயத் தோலை அள்ளிப்போட்டேன்.
குப்பை வண்டி வரும் நேரம்.
சக்கரத்தை, தூள் உதிராமல்,
ஃப்ரிஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்,
'இருவர்' என்று அச்சடித்த பக்கம்
கதவோடு ஒட்டியிருக்க.